எந்த சென்சார் இப்போது தூங்கலாம்?

ஒரு நிலப்பரப்பைக் கண்காணிக்க வேண்டும். ஒவ்வொரு சென்சாருக்கும் தன்னைச் சுற்றிய ஒரு வட்டம் மட்டும்தான் தெரியும். பார்த்துப் பார்த்து வைக்க முடிந்தால் விடை எப்போதோ கிடைத்துவிட்டது. சமபக்க முக்கோணங்களின் முனைகளில், வட்டத்தின் ஆரத்தைப் போல சுமார் 1.73 மடங்கு இடைவெளியில் வைப்பதுதான் மிகச் சிக்கனம் என்று கணிதவியலாளர் கெர்ஷ்னர் 1939-இல் நிரூபித்தார். அப்போதும் வட்டங்களின் மொத்தப் பரப்பு நிலத்தைவிட சுமார் 21 சதவீதம் அதிகமாகத்தான் இருக்கும்.

மேலிருந்து தூவிவிட்டால் அப்படியா விழும்? ஓரிடத்தில் ஐந்து குவியும், இன்னோரிடத்தில் ஒன்றுகூட இருக்காது. வெற்றிடத்துக்கு அல்காரிதம் எதுவும் செய்ய முடியாது. குவியலில்தான் லாபம். சிலது விழித்திருக்க, மற்றவை தூங்கி பேட்டரியை மிச்சம் பிடிக்கலாம்.

சரி, சென்சார்களைக் குழுக்களாகப் பிரித்து, குழுவுக்கு ஒரு முறை வைத்தால் போதாதா? போதாது. அ என்ற சென்சார் 1, 2 ஆகிய இடங்களைப் பார்க்கிறது. ஆ 2, 3-ஐ. இ 3, 1-ஐ. ஒவ்வொன்றின் பேட்டரியும் ஒரு மணி நேரம் வரும். எந்த இரண்டு விழித்திருந்தாலும் மூன்று இடங்களும் கண்காணிப்பில் இருக்கும். ஆனால் 'ஒரு சென்சார் ஒரே குழுவில்தான்' என்று வைத்தால் ஒரு ஜோடி ஒரு மணி நேரத்தில் தீரும். மிஞ்சியது தனியாக எதற்கும் உதவாது. அஆ, ஆஇ, இஅ என்று அரை மணிக்கு ஒரு ஜோடியாக மாற்றினால் ஒன்றரை மணி நேரம் ஓடும். அதே பேட்டரிகள்தான்!

மூன்றுக்குக் கையாலேயே கணக்குப் போடலாம். ஆயிரத்துக்கு மிகச் சிறந்த விடையைத் தேடினால் கணக்கு வெடித்துவிடும். இது என்பி-கடினம் வகைச் சிக்கல், அதாவது எப்போதும் மிகச் சிறந்த விடையை வேகமாகத் தரும் வழி இதுவரை யாருக்கும் தெரியாது. அதனால் ஒவ்வொரு படியிலும் அப்போதைக்குச் சிறந்ததாகத் தெரிவதை எடுக்கும் பேராசை முறையைக் கையாள்கிறார்கள். மிகக் குறைவான சென்சார்களே பார்க்கும் இடத்தை முதலில் எடுத்து, அதைப் பார்ப்பவற்றில் பேட்டரி அதிகம் உள்ளதை, புதிதாக நிறைய இடங்களைச் சேர்ப்பதை எழுப்புவது. கிடைப்பது உச்ச விடை இல்லை, ஆனால் பெரும்பாலும் போதும்.

தனித்தனி இடங்கள் இல்லாமல் முழுப் பரப்பையும் பார்க்க வேண்டுமென்றால்? புள்ளிகள் எண்ணற்றவை. இங்கே ஹுவாங், செங் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2003-இல் சொன்ன வழி எனக்கு மிகவும் பிடித்தது. உள்ளே பார்க்கவே வேண்டாம். ஒவ்வொரு வட்டத்தின் விளிம்பையும் பக்கத்து வட்டங்கள் முழுதாக மூடுகின்றனவா என்று மட்டும் பார்த்தால் போதும். ஓட்டை எங்கே இருந்தாலும் அதன் கரை ஏதோ ஒரு வட்டத்தின் விளிம்பாகத்தானே இருக்கும்! அதனால் ஒவ்வொரு சென்சாரும் அக்கம்பக்கத்தாரை விசாரித்தாலே வேலை முடிந்தது.

அப்புறம், விழித்திருப்பவை ஒன்றோடொன்று பேசவும் வேண்டும். ரேடியோ எட்டும் தூரம் உணரும் தூரத்தைப் போல இரண்டு மடங்காவது இருந்தால், பரப்பு இடைவெளியின்றி மூடியிருக்கும்வரை தொடர்பும் அறுபடாது. அதைவிடக் குறைந்தால் தொடர்பைத் தனியாகச் சோதித்த பிறகுதான் யாரையும் தூங்க அனுப்ப முடியும்.