மதுரை வெயிலில் டேப்லெட் சார்ஜ் ஏன் இவ்வளவு சீக்கிரம் இறங்குகிறது?

வீட்டுக்குள் நாள் முழுக்கத் தாங்குகிற டேப்லெட், வெளியே எடுத்துப் போனால் மதியச் சாப்பாட்டுக்குள் சார்ஜ் இறங்கி நிற்கிறது. நிலம் அளக்கப் போகிறவர், பறவை பார்க்கப் போகிறவர், மலைக் கல்வெட்டைப் படமெடுத்துப் பதிவு செய்கிறவர் என்று எல்லோரும் இதைச் சொல்கிறார்கள், பேட்டரி போய்விட்டது என்று நினைத்து கடைக்கும் போகிறார்கள். பெரும்பாலும் பேட்டரியில் கோளாறு இருக்காது. வெயில் அதை இரண்டு பக்கம் அடிக்கிறது, வெளிச்சம் ஒரு பக்கம், சூடு இன்னொரு பக்கம். இரண்டுக்கும் சேர்த்து ஒரே மருந்து நிழல்தான், செட்டிங்ஸில் என்ன மாற்றினாலும் அதற்கு அடுத்தபடிதான்.

வெளிச்சக் கணக்கை முதலில் பார்ப்போம். நன்றாக விளக்குப் போட்ட அலுவலக மேசை மேல் விழுவது 300 முதல் 500 லக்ஸ் (ஒரு பரப்பின் மேல் எவ்வளவு ஒளி விழுகிறது என்பதை லக்ஸில் அளப்பார்கள்). அக்னி நட்சத்திர மதியத்தில் திறந்த பொட்டலில் விழுவது ஏறக்குறைய 1,00,000 லக்ஸ், அதாவது இருநூறு மடங்குக்கு மேல். டேப்லெட் திரையோ முழு வெளிச்சத்திலும் 400, 500 நிட்தான் தரும் (ஒரு பரப்பிலிருந்து கண்ணை நோக்கி எவ்வளவு ஒளி வருகிறது என்பதை நிட்டில் அளப்பார்கள்). அந்த வெயிலில் நிற்கிற ஒரு வெள்ளைச் சட்டையிலிருந்து மட்டும் சுமார் 25,000 நிட் வருகிறது. திரையின் மேல்கண்ணாடி, தன் மேல் படுகிற ஒளியில் நூற்றுக்கு நான்கு பங்கை அப்படியே திருப்பி அனுப்பும். 25,000-ல் நான்கு சதவீதம் என்றால் 1,000. திரை காட்டுவது 500, திரையில் தெரிகிற உங்கள் சட்டை 1,000, அப்புறம் எழுத்து எப்படிக் கண்ணுக்குப் படும்?

ஆட்டோ பிரைட்னஸ் இதைப் புரிந்துகொள்ளாது. வெளிச்சம் அதிகம் என்று சென்சார் சொன்னதும் ஸ்லைடரைக் கடைசி வரை தள்ளிவிடும். படிக்கவும் முடியாது, சார்ஜும் போகும்.

சூரியனைப் பார்த்து நின்றால் வெயில் உங்கள் சட்டை மேல் விழுந்து அந்தச் சட்டை திரையில் தெரியும், முதுகைக் காட்டி நின்றால் வெயில் நேராகத் திரை மேலேயே விழும், ஆகவே வெயிலில் நின்றுகொண்டு எந்தப் பக்கம் திரும்பினாலும் முழுத் தீர்வு கிடைக்காது. மரத்தடிக்குப் போங்கள். அடர்ந்த நிழலில் வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகக் குறையும், பல இடங்களில் அதற்கும் கீழே போகும். அங்கேயும் எதற்கு முதுகைக் காட்டி உட்காருகிறோம் என்பது முக்கியம். திரை ஒரு கண்ணாடி, உங்களுக்குப் பின்னால் இருப்பதைத்தான் அது காட்டும். பின்னால் வானம் இருந்தால் வானம் தெரியும், புளியமரத் தண்டோ கருத்த பாறைச் சுவரோ இருந்தால் அந்த இருட்டின் மேல் எழுத்து பளிச்சென்று நிற்கும். களப்பணிக்குப் போகிற நாளில் வெள்ளைச் சட்டைக்குப் பதிலாக அடர்த்தியான நிறத்தில் ஒன்றைப் போட்டுக்கொண்டு போனால் அதற்கும் பலன் உண்டு. இதைச் செய்துவிட்டு ஸ்லைடரைப் பாதிக்கு இறக்கிப் பாருங்கள், வசதியாகவே படிக்கலாம். வெயிலிலிருந்து நிழலுக்கு வந்த உடனே இறக்கினால் இருட்டாகத்தான் தெரியும். கண்ணுக்கு நாலைந்து நிமிடம் கொடுங்கள், அது தானாகப் பழகிக்கொள்ளும்.

பாதிக்கு இறக்குவதால் என்ன மிச்சம் என்றால், நிறையவே மிச்சம். விலை குறைவான, நடுத்தர டேப்லெட்டுகளில் இருப்பது எல்சிடி திரை. அதற்குப் பின்னால் எல்இடி விளக்கு எப்போதும் எரிந்துகொண்டிருக்கும், அந்த ஒளி போலரைசர் (ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் உள்ளே விடும் தாள்), வண்ண வடிகட்டி என்று ஒவ்வொன்றாகக் கடந்து வெளியே வருவதற்குள் பத்தில் ஒரு பங்குகூட மிஞ்சாது. அதனால்தான் வெளியே ஒரு நிட் கூட்ட உள்ளே அவ்வளவு மின்சாரம் எரிகிறது, முழு வெளிச்சத்தில் டேப்லெட்டில் அதிகம் தின்பது திரைதான். எல்சிடியில் டார்க் மோடு போட்டு சார்ஜ் மிச்சம் பிடிக்கலாம் என்று பலர் நம்புகிறார்கள், அது நடக்காது. பக்கம் கருப்பாக இருந்தாலும் பின்விளக்கு எரிந்துகொண்டேதான் இருக்கும். ஓஎல்இடி திரையில் ஒவ்வொரு புள்ளியும் தனித்தனியாக ஒளிர்வதால் அங்கே மட்டும் பலன் உண்டு. வெளியே எந்தத் திரையானாலும் கருப்புப் பக்கம் முகம் பார்க்கிற கண்ணாடி மாதிரி ஆகிவிடுகிறது, வெள்ளைப் பக்கத்தில் கருப்பு எழுத்துதான் படிக்க நல்லது.

இன்னொரு விஷயம், போலரைஸ்டு கூலிங் கிளாஸ் போட்டிருந்தால் சில கோணங்களில் எல்சிடி திரை இருண்டே போய்விடும். வெளிச்சம் போதவில்லை என்று ஸ்லைடரை ஏற்றுவதற்கு முன்னால் டேப்லெட்டைப் பக்கவாட்டில் ஒரு திருப்பு திருப்பிப் பாருங்கள்.

சரி, சூட்டுக்கு வருவோம். பத்தாம் தலைமுறை ஐபேடை எடுத்துக்கொள்வோம். அதன் பேட்டரி 28.6 வாட்-மணி, பத்து மணி நேரம் ஓடும் என்கிறது ஆப்பிள். அப்படியென்றால் சராசரியாக அது செலவழிப்பது 3 வாட்டுக்கும் கொஞ்சம் குறைவு. உச்சி வெயில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 1,000 வாட். அந்த ஐபேடின் பரப்பு சுமார் 0.045 சதுர மீட்டர். பெருக்கினால் 45 வாட் வருகிறது. தானே உண்டாக்குகிற சூட்டைப் போல பதினைந்து மடங்கை வெயில் அதன் தலையில் கொட்டுகிறது, அதில் பெரும்பகுதியைக் கருப்புக் கண்ணாடி உள்ளே வாங்கிக்கொள்கிறது. ஐபேடை 0 முதல் 35 டிகிரி வரையுள்ள இடத்தில் பயன்படுத்தச் சொல்கிறது ஆப்பிள், மதுரையில் கோடை மதியம் நிழலிலேயே 38, 40 டிகிரி. இந்த நிலையில் சூடு எல்லை தாண்டியதும் டேப்லெட் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள பிராசசரின் வேகத்தைக் குறைக்கும், திரையையும் மங்க வைக்கும், இன்னும் ஏறினால் எச்சரிக்கை காட்டிவிட்டு நின்றுவிடும்.

அன்றைக்கு நின்றுபோவதைவிட எனக்குக் கவலை பேட்டரியின் ஆயுள்தான். லித்தியம் அயனி பேட்டரியின் கிராஃபைட் முனை மேல் ஒரு மெல்லிய படலம் இருக்கிறது, பேட்டரி வேலை செய்ய அது வேண்டும், ஆனால் சூட்டில் அந்தப் படலம் வேகமாகத் தடித்து, ஓடியாட வேண்டிய லித்தியத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. பிடிபட்ட லித்தியம் திரும்பி வராது. பத்து டிகிரி கூடினால் இந்த மாதிரி வேதிவினைகள் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகமெடுக்கும் என்பது பொதுவான கணக்கு. முழு சார்ஜில் இருக்கும்போது சூடானால் சேதம் இன்னும் அதிகம். நூறு சதவீதம் ஏற்றி, நிறுத்திய காருக்குள் டேஷ்போர்டு மேல் வைத்துவிட்டு கோயிலுக்குள் போவதைவிட மோசமாக ஒரு பேட்டரியை நடத்த முடியாது.

வேலை இல்லாத நேரத்தில் ஒரு வெள்ளைப் பருத்தித் துண்டை மேலே போட்டு மூடினால் வெயிலில் பெரும்பங்கு திரும்பிப் போய்விடும். யானைமலையிலோ சமணர் மலையிலோ பாறை மேல் நேராக வைக்காதீர்கள், கால் வைக்க முடியாத சூடு அது. தடித்த ரப்பர் உறை உள்ளே உண்டாகிற சூட்டை வெளியே விடாது, கையில் பத்திரமாகப் பிடிக்க முடிந்தால் கோடையில் அதைக் கழற்றிவிடலாம். சூடான டேப்லெட்டை ஃபிரிட்ஜிலோ ஐஸ் பெட்டியிலோ மட்டும் வைத்துவிடாதீர்கள், உள்ளே ஈரம் கோக்கும், அது சூட்டைவிடக் கெடுதல்.

நிழலால் தீராத ஒன்று சிக்னல். 2022-ல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்த அரிட்டாபட்டி மாதிரி குன்றுகளுக்கு நடுவில் போய்விட்டால், டவருக்கும் உங்களுக்கும் இடையில் ஒரு மலையே நிற்கலாம். மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டு இரைச்சலில் தூரத்தில் போகிறவரைக் கூப்பிடுவது போல, டேப்லெட் தன் குரலை உயர்த்திக்கொண்டே போகும், பதில் வராவிட்டால் திரும்பத் திரும்பக் கூப்பிடும், பையில் சும்மா கிடந்தாலும் இது நடக்கும். போதாததற்கு ஒரு சின்னச் செய்தி வந்துபோனாலும் ரேடியோ உடனே அணையாது, சில நொடிகள் விழித்தே இருக்கும், பத்து ஆப்புகள் பத்து வெவ்வேறு நேரத்தில் தட்டி எழுப்பினால் அது தூங்கவே போகாது. ஏரோபிளேன் மோடில் போட்டுவிட்டு, சிக்னல் கிடைக்கிற இடத்தில் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் அனுப்புங்கள். மேப்பை வீட்டிலேயே இறக்கிக்கொள்ளலாம். ஜிபிஎஸ் செயற்கைக்கோள் ஒலிபரப்பைக் கேட்க மட்டும்தான் செய்கிறது, எதையும் அனுப்புவதில்லை, இப்போதைய கருவிகள் பெரும்பாலானவற்றில் ஏரோபிளேன் மோடிலும் வேலை செய்யும். வைஃபை மட்டும் உள்ள ஐபேடில் ஜிபிஎஸ் கிடையாது, வாங்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

பவர் பேங்க் கொண்டுபோகிறவர்கள் மேலே அச்சிட்டிருக்கும் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். 10,000 எம்ஏஎச் என்பது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லின் கணக்கு, அதாவது 37 வாட்-மணி. அதை 5 வோல்ட்டுக்கு ஏற்றி, டேப்லெட் மறுபடி இறக்கி வாங்குவதற்குள் மூன்றில் ஒரு பங்கு சூடாகப் போய்விடும், ஆகவே மேலே சொன்ன ஐபேட் ஒருமுறைகூட முழுதாக நிரம்பாது. சாப்பாட்டு நேரத்தில் இரண்டையும் நிழலில் வைத்து, திரையை அணைத்துவிட்டு ஏற்றுங்கள். வெயிலில் ஏற்றினால் சார்ஜ் ஆவதன் சூடும் சேர்ந்துகொள்ளும், செல் 45 டிகிரியை நெருங்கும்போது பெரும்பாலான கருவிகள் ஏற்றுவதையே நிறுத்திவிடும். வீடு திரும்பியதும் ஃபேன் காற்றில் அரை மணி நேரம் ஆறவிட்டு, தொட்டுப் பார்த்துவிட்டு சார்ஜில் போடுங்கள், மறுநாள் வெளியே போகிற வேலை இல்லையென்றால் 80 சதவீதம் போதும்.