மூணு ஏக்கருக்கு எத்தனை ஹெச்பி டிராக்டர்?

எங்க சித்தப்பா மூணு ஏக்கர் வாழைக்கு 45 ஹெச்பி டிராக்டர் எடுத்தாரு, செகண்ட் ஹேண்ட்ல சல்லிசா கிடைச்சுதுன்னு. மாலையெல்லாம் போட்டு தோட்டத்துக்குள்ள விட்டா, வாழைக்கு வாழை ஆறடி, வண்டி அகலம் அஞ்சரை அடிக்கு மேல, முதல் வரிசை தாண்டுறதுக்குள்ள ரெண்டு பக்கமும் கன்னு சாஞ்சு கிடக்குது. இப்ப அந்த வண்டி அடுத்தவங்க காட்டுல வாடகைக்கு ஓடுது, அவரு தோட்டத்துக்கு அவரு பவர் டில்லர் வாடகைக்குப் புடிக்கிறாரு.

எல்லாரும் முதல்ல கேக்குறது எத்தனை ஹெச்பின்னுதான். நான் அதைக் கடைசியா கேக்கச் சொல்லுவேன். முதல்ல டேப்பை எடுத்து வரிசை இடைவெளியை அளங்க, ஆறடி வரிசைக்கு மூணு, மூணரை அடி அகல மினி டிராக்டர்தான் சரி, அதுவும் இலை விரிஞ்சு மூடுறதுக்கு முன்னாடி மட்டும்தான் உள்ள போகும்.

அடுத்து எடை. கலப்பையை இழுக்குறது இன்ஜின்னு நினைக்கிறோம், ஆனா மண்ணைப் பிடிச்சு நிக்கிறது டயர், அந்தப் பிடி வண்டியோட எடையில இருந்துதான் வரும். 900 கிலோ வண்டி நல்ல மண்ணுல சுமாரா 400 கிலோ விசையில இழுக்கும். மணிக்கு 4 கிலோமீட்டர் வேகத்துல அதைக் கணக்குப் போட்டா ஆறு ஹெச்பிதான் வருது! இன்ஜின் 20 ஹெச்பியா இருந்தாலும் மிச்சத்தை டயர் வழியா மண்ணுல இறக்க முடியாது, ஆக்சிலேட்டரை முறுக்குனா சக்கரம் நின்ன இடத்துல சுத்தி பள்ளம் பறிக்கும். டயர்ல தண்ணி ரொப்புறது, இரும்பு வெயிட் மாட்டுறது எல்லாம் இதுக்குத்தான்.

ஹாரி ஃபெர்குசன்னு அயர்லாந்துக்காரர் 1920-கள்ல இதுக்கு ஒரு வழி பண்ணாரு. கலப்பையைச் சங்கிலி கட்டி இழுக்காம மூணு இடத்துல கோர்த்து மாட்டுனா, மண்ணு கலப்பையைப் பின்னால பிடிச்சு இழுக்குற விசையில ஒரு பங்கு பின்சக்கரத்தைக் கீழ அமுக்குது, சின்ன வண்டியும் கெட்டியா நிக்குது. இன்னிக்கு எந்த டிராக்டர் பின்னாடி பாத்தாலும் அந்த மூணு பாயிண்ட்தான்.

சுத்துற பிளேடால மண்ணைக் கொத்திக் கிளறுற ரொட்டவேட்டர் கதை வேற. அதுக்குப் பவர் டயர் வழியா போகல, இன்ஜின் பவரை வண்டிக்குப் பின்னால எடுத்துக் குடுக்குற, நிமிஷத்துக்கு 540 சுத்து சுத்துற பிடிஓ ஷாஃப்ட்ல நேரா போகுது, பிளேடு மண்ணைப் பின்னால தள்ளுறப்ப வண்டியையும் கொஞ்சம் முன்னால தள்ளி விடுது. அதனால சின்ன வண்டிக்கு கலப்பையை விட இதுதான் தோது. மூணேகால் அடி ரொட்டவேட்டருக்கு 20 ஹெச்பி பக்கம் போதும், மணிக்கு 3 கிலோமீட்டர்ல ஓட்டுனா திருப்புற நேரத்தையும் சேத்து ஏக்கருக்கு ரெண்டு மணி நேரத்துக்குள்ள முடியும். மூணு ஏக்கருக்கு இதுக்கு மேல எதுக்கு அவசரம்?

வாங்குறதுக்கு முன்னாடி டெமோ கேளுங்க, உங்க மண்ணுலயே. பின் டயர்ல சாக்பீஸ்ல ஒரு கோடு போட்டு, கலப்பையைத் தூக்கி வச்சு பத்து சுத்து ஓட விட்டு தூரத்தை அளங்க, அப்புறம் கலப்பையை இறக்கி அதே பத்து சுத்து. முதல்ல 30 மீட்டர் போனது இப்ப 26 போச்சுன்னா பரவால்ல, 22-ன்னா வண்டிக்கு எடை பத்தல, இல்ல கலப்பை பெருசு. பக்கத்துல நிக்கிற சேல்ஸ்மேன் அப்பவும் ஹெச்பி பத்திதான் பேசிட்டு இருப்பாரு.