பீசோமீட்டர்: கிணறா, கருவியா?

நிலத்தடிச் சுரங்கத்தின் நீர் அறிக்கை எதையாவது தமிழாக்க உட்கார்ந்தால், முதல் பக்கத்திலேயே வழிமறிக்கும் சொல் பீசோமீட்டர். நிலத்தடி நீரின் அழுத்தத்தை அளக்க மண்ணுக்குள் வைப்பது அது. 'நோக்குக் கிணறு' என்று போட்டுவிட்டு நகர்ந்துவிடலாம்தான். எனக்கு அது ஒப்பவில்லை.

கிரேக்கத்தில் 'பியேசெய்ன்' என்றால் அழுத்துதல். 'மெட்ரோன்' என்றால் அளவு. தண்ணீரை அமுக்கிச் சுருக்க முடியுமா என்று சோதித்த ஜேக்கப் பெர்க்கின்ஸ் 1820-இல் தன் கருவிக்கு இந்தப் பெயரை வைத்தார். (கேஸ் லைட்டரை 'டக்' என்று அழுத்தினால் பொறி பறக்கிறதே, அதற்குள் இருக்கும் படிகத்தின் பெயரிலும் இதே 'பீசோ'தான்.) ஆக, சொல்லுக்குள் இருப்பது அழுத்தம். கிணறு எங்குமே இல்லை.

சாதாரணமாக ஒரு போர் போட்டால் அது எல்லா அடுக்குகளையும் துளைத்துக்கொண்டு போகும். மேலடுக்குத் தண்ணீரும் கீழடுக்குத் தண்ணீரும் கலந்து ஏதோ ஒரு மட்டத்தில் நிற்கும். அது எந்த அடுக்கின் மட்டம் என்று கேட்டால் பதில் கிடையாது. பீசோமீட்டர் வைக்கும்போது வேண்டிய ஆழத்தை மட்டும் விட்டுவிட்டு, மற்ற இடத்தை பென்டோனைட் களிமண்ணால் அடைத்துவிடுவார்கள். அந்த ஒரு பாறையடுக்கின் நீரழுத்தம் மட்டும் தனியாகத் தெரியும்.

ஆழத்தில் புதைப்பதற்கு அதிர்கம்பி வகை உண்டு. உள்ளே விறைப்பாக இழுத்துக் கட்டிய எஃகுக் கம்பி. அதன் ஒரு முனை மெல்லிய தகட்டில். தண்ணீர் தகட்டை அழுத்தினால் கம்பி சற்றுத் தளரும், சுருதி இறங்கும். அழுத்தம் குறைந்தால், வீணையில் பிரடையை முறுக்கியதுபோல், சுருதி ஏறும். மேலிருந்து மின்துடிப்பு அனுப்பிக் கம்பியை மீட்டி, அதிர்வெண்ணைக் குறித்துக்கொள்கிறார்கள். 100 கிலோபாஸ்கல் என்றால் ஏறக்குறைய 10 மீட்டர் உயர நீர்.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்சில், லித்கோ பக்கம் நியூன்ஸ் மேட்டுநிலம் இருக்கிறது. மேலே மணற்பாறையின்மீது பஞ்சுபோல் நீரைப் பிடித்துவைத்திருக்கும் சதுப்புகள். கீழே, சில நூறு மீட்டர் ஆழத்தில், நிலக்கரிச் சுரங்கம். நீளச் சுவராக நிலக்கரியை உருவி எடுத்ததும் கூரைப் பாறை சரியும், விரிசல்கள் மேல்நோக்கி ஏறும். ஆழத்தில் உள்ள கருவி அழுத்தம் இழந்த பிறகும் சதுப்பில் நட்ட குழாயில் மட்டம் அசையாமல் நிற்கலாம். அதை மட்டும் எட்டிப் பார்த்தவர் 'ஒன்றும் ஆகவில்லையே' என்றுதான் சொல்வார்.

நெய்வேலிக்காரர்களுக்கு இது சட்டென்று புரியும். அது திறந்தவெளிச் சுரங்கம்தான். ஆனாலும் பழுப்பு நிலக்கரிக்கு அடியில் அடைபட்ட நீர் மேல்நோக்கி முட்டுகிறது. இறைத்து அழுத்தத்தைத் தணித்தால்தான் வெட்ட முடியும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'அழுத்தமானி' என்றால் டயரில் காற்றுப் பார்க்கும் கருவியும் அதுதான். 'பாரமானி' ஏற்கெனவே வளிமண்டலத்துக்குப் போய்விட்டது. 'நீரழுத்தமானி' கச்சிதமாக உட்காருகிறது. 'மானி' வடமொழி வேர் என்று தயங்குபவர்கள் 'நீரழுத்த அளவி' எனலாம். வெப்பமானியோடு வளர்ந்த என் காதுக்கு முன்னதே பழக்கம். குழாயில் நீர் ஏறி நிற்கும் உயரத்தை 'அழுத்தமட்டம்' என்றால் நீர்மட்டத்தோடு குழம்பாது.

அப்புறம், 'நோக்குக் கிணறு' வீணான சொல் அல்ல. சுரங்கத்தைச் சுற்றியுள்ள ஊர்களில், நாடாவை இறக்கித் தண்ணீர் எத்தனை மீட்டரில் கிடக்கிறது என்று பார்க்கும் கிணறுகளுக்கு அதுவே சரியான பெயர்.