எல்லாரும் 3.5 தான், ஆனா லைன் மட்டும் ஏன் பிந்துது?

அஞ்சு பேர், ஒரு பை புளியங்கொட்டை, லூடோவில உருட்டுற ஆறு பக்கக் கட்டை ஒண்டு. இவ்வளவு இருந்தாப் போதும், ஒரு தொழிற்சாலை லைன் ஏன் கணக்குப் போட்ட அளவுக்கு ஓடாது எண்டதை அரை மணித்தியாலத்தில பிள்ளையளுக்கு விளங்கப்படுத்தலாம். அறிவியல் நகர்ல இஞ்சினியரிங் படிக்கிற பிள்ளைக்கும் சரி, ஓஎல் முடிச்சிட்டு கிளிநொச்சியில கார்மென்ட்ஸுக்குப் போகப்போற பிள்ளைக்கும் சரி, இது கட்டாயம் ஒருக்கா விளையாடிப் பாக்கவேண்டிய விளையாட்டு எண்டு நான் நினைக்கிறன்.

அஞ்சு பேரும் வரிசையா இருக்கோணும். முதல் ஆள் கட்டையை உருட்டி விழுந்த எண்ணுக்குப் பையில இருந்து கொட்டை எடுத்து ரெண்டாம் ஆளுக்கு முன்னால வைப்பார். ரெண்டாம் ஆள் உருட்டி அந்த எண்ணுக்கு மூண்டாம் ஆளுக்குத் தள்ளுவார், ஆனா தனக்கு முன்னால கிடக்கிறதை விடக் கூடத் தள்ள ஏலாது, 6 விழுந்தாலும் 2 கொட்டைதான் கிடக்கெண்டா 2 தான். இப்பிடியே அஞ்சாம் ஆள் மட்டும், அவர் தள்ளுறதுதான் முடிஞ்ச சாமான். அது ஒரு சுற்று, இப்பிடி 20 சுற்று.

தொடங்க முதல் எல்லாரிட்டையும் எத்தினை வரும் எண்டு கேளுங்கோ. கணக்குத் தெரிஞ்ச பிள்ளை உடன சொல்லும், 1 இல இருந்து 6 வரைக்கும் சராசரி 3.5, 20 சுற்றுக்கு 70 எண்டு. விளையாடிப் பாத்தா 50 க்கு அங்கால இங்காலதான் வரும். மிச்சம் 20 கொட்டை மட்டில ஆக்களுக்கு நடுவில குவிஞ்சு கிடக்கும், அதுவும் ஒரு இடத்தில நிரந்தரமா நிக்காது, இப்ப மூண்டாம் ஆளிட்ட, கொஞ்சத்தால நாலாம் ஆளிட்ட.

ஏன் இப்பிடி? ஒரு ஆளுக்கு 1 விழுந்தா அந்தக் குறை அவருக்குப் பின்னால இருக்கிற எல்லாருக்கும் போகுது. ஆனா ஒரு ஆளுக்கு 6 விழுந்து முன்னால 2 தான் கிடந்தா மிச்ச 4 வீணாப் போகுது, அதைச் சேமிச்சு வச்சு அடுத்த சுற்றில பாவிக்க ஏலாது. நட்டம் கைமாறும், லாபம் கைமாறாது. இடையில ஒரு கொட்டையும் இல்லாம தொடங்கிற முதல் சுற்றை மட்டும் எடுத்தா இது வடிவாத் தெரியும், ஏனெண்டா அந்தச் சுற்றில கடைசியா வாறது அஞ்சு பேருக்கும் விழுந்ததில ஆகக் குறைஞ்ச எண். ரெண்டு பேர் எண்டா அதின்ட சராசரி 2.53, அஞ்சு பேர் எண்டா 1.57. ஒருத்தரும் சோம்பேறி இல்லை, ஒருத்தருக்கும் கட்டை பிழை இல்லை, எண்டாலும் 3.5 காணாமப் போச்சு. கட்டையும் தீக்குச்சியும் வச்சு இதைப் பிரபலமாக்கினது இஸ்ரேலைச் சேர்ந்த எலியாகு கோல்ட்ராட், 1984ல. அவர் படிச்சது பௌதிகவியல்.

எங்கட புழுங்கல் அரிசி மில்லுகளில நடக்கிறதும் இதுதான். நெல்லை ஊறப்போட்டு, அவிச்சு, களத்தில காயவிட்டு, பிறகுதான் குத்தினம். காலபோக அறுவடை நேரம் தை மாசத்தில ஒரு நாள் மழை தூறினா களம் ஈரம், அவிச்ச நெல்லுப் போட இடமில்லை, அதால அவிக்கிறதும் நிக்கும், குத்துற மெஷினும் சும்மா நிக்கும். அடுத்த நாள் நல்ல வெயில் எரிச்சாலும் களத்தின்ட அளவுக்குத்தான் காயவிடலாம், நேத்துப் போன வெயிலைத் திருப்பி எடுக்க ஏலாது. மாசச் சராசரி வெயிலைப் பாத்து இத்தினை மூட்டை எண்டு கணக்குப் போட்டா அதாலதான் பிழைக்குது.

இனி விளையாட்டை மாத்திப் பாருங்கோ, எனக்கு ஆகப் பிடிச்ச இடம் இது. கட்டையை வச்சிட்டு ஒரு காசைச் சுண்டச் சொல்லுங்கோ, தலை விழுந்தா 4, பூ விழுந்தா 3. சராசரி அதே 3.5, ஒருத்தரும் கெதியா வேலை செய்யேல்ல. ஆனா 20 சுற்று முடிய 60 ஐத் தாண்டுறது சாதாரணம். மாறினது ஏற்ற இறக்கம் மட்டும்தான். ஆளைக் கெதியாச் செய் எண்டு துரத்தாம, துணி வர்ற அளவு, ஊசி உடையிறது, மெஷின் நிக்கிறது இதுகளை ஒரு சீராக்கினாலே உற்பத்தி கூடும் எண்டதைப் பிள்ளையள் தங்கட கையால கண்டுபிடிப்பினம், நாங்கள் போர்டில எழுதினா அது ஏறாது.

பேந்து திருப்பிக் கட்டைக்கு வாங்கோ, ஆனா தொடங்கேக்க ஒவ்வொரு இடைவெளியிலயும் 10 கொட்டை வையுங்கோ. இப்ப 70 க்குக் கிட்டப் போகும், எல்லாருக்கும் சந்தோசம். அந்த நேரம் வேற நிறத்தில ஒரு கொட்டையை முதல் ஆளிட்டக் குடுத்து, வந்த ஒழுங்கிலயே தள்ளச் சொல்லிட்டு, அது வெளிய வர எத்தினை சுற்று எண்டு எண்ணச் சொல்லுங்கோ. இடையில 40 கொட்டை, சுற்றுக்கு 3.5 போகுது, அப்ப 11 சுற்றுக்கு மேல. ஜோன் லிட்டில் 1961ல நிறுவின விதி இது: உள்ளுக்கை கிடக்கிற சாமான் எண்டது வெளிய போற வேகத்தை உள்ளுக்கை நிக்கிற நேரத்தால பெருக்கினது. குவியல் வச்சா லைன் நிக்காது, ஆனா ஓடர் பிந்தும், பிழையான தையல் ஒண்டு கடைசி ஆள் காணுறதுக்கு முதல் நூறு உடுப்புக்குப் போயிடும்.

அதே 1961ல ஜோன் கிங்மன், மெஷினுக்கு முன்னால சாமான் காத்திருக்கிற நேரத்துக்கு ஒரு சூத்திரம் தந்தவர். ஏற்ற இறக்கம் மாறாம இருக்க மெஷினை 80 வீதம் பாவிச்சா காத்திருப்பு 4 பங்கெண்டா, 90 வீதத்தில 9, 95 வீதத்தில 19. மெஷின் ஒரு நிமிசமும் சும்மா நிக்கப்படாது எண்டு நினைக்கிற முதலாளிமார் இந்த மூண்டு எண்ணையும் சுவரில ஒட்டி வைக்கோணும்.

இன்னொரு விளையாட்டும் சொல்லோணும், தரக் கட்டுப்பாட்டு நிபுணர் எட்வேர்ட்ஸ் டெமிங் செய்து காட்டினது. ஒரு பெட்டியில 4000 பாசிமணி, அதில 800 சிவப்பு, மிச்சம் வெள்ளை, 50 குழி உள்ள பலகையை உள்ளுக்கை விட்டு எடுத்தா 50 மணி வரும், சிவப்பெல்லாம் பழுது. எங்களுக்கு வெள்ளைக் கௌபியும் சிவப்புக் கௌபியும் நாலுக்கு ஒண்டு கலந்தாக் காணும். சராசரி 10 சிவப்பு வரும், ஆனா ஒருத்தருக்கு 6, இன்னொருத்தருக்கு 14 வரும். 6 எடுத்தவருக்குப் பாராட்டு, 14 எடுத்தவருக்கு ஏச்சு எண்டு நடிச்சுக் காட்டுங்கோ. அடுத்த தரம் பாராட்டு வாங்கினவருக்கு 12 வரும், எல்லாரும் சிரிப்பினம், பிறகு கொஞ்சம் யோசிப்பினம். கிட்டத்தட்ட 2 இல இருந்து 18 வரைக்கும் வாறதெல்லாம் பெட்டியின்ட குணம், எடுத்த ஆளின்ட குணமில்லை. வோல்டர் ஷூவார்ட் 1924ல கீறின கட்டுப்பாட்டு வரைபு இந்த எல்லையைக் கண்டுபிடிக்கத்தான். டார்கெட் போகாத நாளில தன்னையே நொந்துகொள்ளுற பிள்ளையள் எங்கட ஊரில கனக்க, அவைக்கு இந்த எல்லை தெரியோணும் எண்டதுதான் எனக்குப் பெரிய விசயம்.

கடைசியா ஒரு விதி மாத்திப் பாருங்கோ: ஒருத்தருக்கு முன்னால கொட்டை இல்லாட்டி அவர் தன்ர எண்ணைப் பக்கத்தில குவிஞ்சு கிடக்கிற ஆளுக்குக் குடுக்கலாம். ஓவர்லொக், சிங்கிள் நீடில் எண்ட ரெண்டு வகைத் தையல் மெஷினும் தெரிஞ்ச ஒரு ஆள் லைனில இருக்கிற மாதிரி. 20 சுற்று ஓடி எண்ணுங்கோ, எக்செல் தெரிஞ்சவை அதிலயே ஆயிரம் தரம் ஓடிப் பாக்கலாம்.