டென்வரில் கார் எடுக்கும் முன்

டென்வர் விமான நிலையத்தில் கார் எடுத்து ராக்கி மலைத் தேசியப் பூங்காவுக்குப் போகிறவர்கள், நாள் வாடகையை நாலு தளங்களில் ஒப்பிடுகிறார்கள். கையெழுத்துப் போடும் ஒப்பந்தத்தைப் படிப்பதில்லை. பணம் கரைவது அங்கேதான்.

முதலில் இன்சூரன்ஸ். கவுன்டரில் விற்பவற்றில் முக்கியமானவை இரண்டு. ஒன்று, அவர்கள் காருக்கு வரும் சேதத்துக்கு. மற்றது, நீங்கள் இடித்துவிட்ட அடுத்தவரின் காருக்கும் காயத்துக்கும். கிரெடிட் கார்டு தரும் பாதுகாப்பு பொதுவாக முதல் வகைக்கு மட்டும். இரண்டாவதை வேண்டாம் என்றால், கொலராடோ சட்டம் கேட்கும் குறைந்தபட்சத்தோடு நிற்க நேரலாம்: காயத்துக்கு ஒருவருக்கு 25,000 டாலர். அமெரிக்க ஆஸ்பத்திரி பில்லுக்கு அது எந்த மூலைக்கு? அங்கேயே வசிக்கும் மகனின் சொந்தக் கார் பாலிசி அவர் எடுக்கும் வாடகைக் காருக்கும் பெரும்பாலும் செல்லும். ஊரிலிருந்து வந்த அப்பாவும் ஓட்டுவதென்றால் அவர் பெயரை ஒப்பந்தத்தில் சேர்த்தாக வேண்டும். இல்லாவிட்டால், விபத்து நடந்தபின் இன்சூரன்ஸ் கைவிரிக்கும். இந்திய லைசென்ஸோடு, ஆர்.டி.ஓ.வில் வாங்கிய சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் அவர் கையில் இருப்பது நல்லது.

சாவி வாங்கியதும் காரைச் சுற்றி வீடியோ எடுங்கள். கதவுக் கீறலை எல்லோரும் பார்ப்பார்கள். இங்கே பார்க்க வேண்டியது முன்கண்ணாடியும் கூரையும். சாலையில் தெறிக்கும் சரளைக் கல் கண்ணாடியில் புள்ளி வைக்கும். கோடையின் ஆலங்கட்டி மழை கூரையில் பள்ளம் போடும். இரண்டும் முன்பே இருந்தால் கிளம்பும் முன் எழுதி வாங்குங்கள்.

விமான நிலையத்தை ஒட்டிய ஈ-470 சுங்கச் சாலையில் பணம் வாங்க ஆள் கிடையாது. கேமரா நம்பர் பிளேட்டைப் படிக்கும். பில் வாடகை நிறுவனத்துக்குப் போகும். அவர்கள் தங்கள் கட்டணத்தையும் சேர்த்து உங்கள் கார்டில் எடுப்பார்கள். மேப்பில் சுங்கம் தவிர்க்கும் வசதியைப் போட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

பூங்காவுக்குள் பெட்ரோல் பங்க் இல்லை. பூங்கா வாசலருகே உள்ள எஸ்டஸ் பார்க் என்ற ஊரில் நிரப்பிக்கொள்ளுங்கள். கொலராடோவில் மலிவான 'ரெகுலர்' பெட்ரோல் பல இடங்களில் 85 ஆக்டேன்தான் (ஆக்டேன் என்பது பெட்ரோலின் தர எண்). இன்றைய கார்களின் கையேடு பெரும்பாலும் 87 கேட்கும். அதையே பார்த்துப் போடுங்கள்.

பூங்காவின் குறுக்கே போகும் ட்ரெயில் ரிட்ஜ் சாலை 12,183 அடி வரை ஏறுகிறது. காற்று மெலிந்த அந்த உயரத்தில் டர்போ இல்லாத எஞ்சின் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சக்தியை இழக்கும். ஐந்து பேரும் பெட்டிகளும் என்றால் சின்னக் கார் திணறும். இருந்தாலும் ஏற்றத்தைவிட இறக்கம்தான் ஆபத்து. எஸ்டஸ் பார்க் 7,522 அடியில் இருக்கிறது. அவ்வளவு தூரமும் பிரேக்கில் கால் வைத்தே இறங்கினால் பிரேக் பேட் சூடேறிப் பிடிமானம் குறையும். ஆட்டோமேட்டிக்கிலும் 'எல்' (தாழ்ந்த கியர்) அல்லது மேனுவல் நிலை உண்டு. இறக்கம் தொடங்கும்போதே அதற்கு மாற்றி, எஞ்சினே வேகத்தைப் பிடிக்க விடுங்கள். கருகல் நாற்றம் வந்தால் ஒதுக்கிடத்தில் நிறுத்தி ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்றக் கூடாது.

பூங்காவிலேயே உள்ள ஓல்ட் ஃபால் ரிவர் சாலை அழகானது, மேல்நோக்கி மட்டும் போகும் ஒருவழிப் பாதை. ஆனால் பெரும்பகுதி சரளை. தார் போடாத சாலையில் ஓட்டினால் பாதுகாப்பு செல்லாது என்று பல ஒப்பந்தங்களில் ஒரு வரி இருக்கும். அதைத் தேடிப் படித்துவிட்டு முடிவெடுங்கள்.

திருப்பிக் கொடுக்கும்போது விமான நிலையத்தருகே நிரப்பிய பெட்ரோல் ரசீதையும், மைல் மீட்டரின் படத்தையும் கார்டு பில் வரும்வரை வைத்திருங்கள்.