இரைப்பை பேணும் சத்திரசிகிச்சை: சொல்லும் பொருளும்

"கன்சர் ஆரம்பத்திலையாம், பை எடுக்கத் தேவையில்லையாம்." வாட்டுக்கு வெளியே நின்று டயக்னோசிஸ் காட்டை ஒருவர் வாசிக்க, மற்றவர் வீட்டுக்குத் தொலைபேசியில் இப்படிச் சொல்வார். வசனத்தில் பிழையில்லை. ஆனால் 'ஆரம்பம்', 'பை எடுக்காமல்' என்ற இரண்டும், கேட்பவர் மனதில் வைத்தியர் நினைத்ததை விட்டு வேறு படத்தை வரைந்துவிடுகின்றன. காட்டிலுள்ள ஆங்கிலத் தொடரை முழுதாகத் தமிழாக்கினால் 'ஆரம்ப இரைப்பைப் புற்றுநோய்க்கான இரைப்பை பாதுகாப்பு அறுவைச்சிகிச்சை' என்று வரும். சொல்லுக்குச் சொல் சரி, பொருளுக்குப் பொருள் வழுக்கல். ஒவ்வொரு சொல்லாகப் பிரித்துப் பார்ப்போம்.

'ஆரம்பம்' என்றதும் நாங்கள் காலத்தை நினைக்கிறோம்: நோய் வந்து சில கிழமை, சில மாதம். மருத்துவத்தில் இந்தச் சொல் காலத்தைக் குறிக்கவில்லை, பருமனையும் குறிக்கவில்லை. ஆழத்தை மட்டுமே குறிக்கிறது. இரைப்பைச் சுவரை உள்ளிருந்து வெளியே எண்ணினால் முதலில் சீதமுளி, அதன் கீழே கீழ்ச்சீதமுளி, பிறகு தசைப்படை, கடைசியில் மெல்லிய வெளிப்போர்வை. புற்று முதல் இரண்டு படைகளைத் தாண்டவில்லை என்றால் அது 'ஆரம்ப' வகை. 1962 இல் ஜப்பானிய உள்நோக்கி மருத்துவர்கள் வகுத்த இந்த வரைவிலக்கணத்தைத்தான் உலகம் இன்றும் கைக்கொள்கிறது. அதன்படி 5 சென்றிமீற்றர் அகலத்துக்குச் சீதமுளியில் மட்டும் படர்ந்த புற்று ஆரம்ப வகைதான். தசைக்குள் இறங்கிவிட்ட 1 சென்றிமீற்றர்ப் புற்று அப்படியல்ல. இன்னொரு வியப்பு: நிணநீர்க் கணுவுக்குப் பரவியிருந்தாலும் சுவரில் ஆழம் இறங்கவில்லை என்றால் பெயர் மாறாது. ஆகவே 'ஆரம்பம்' என்று கேட்டதும் 'முதலாம் கட்டம்' என்று முடிவுகட்டுவது பிழை. கட்டம் என்பது ஆழத்தையும் கணுவையும் தூரப் பரவலையும் சேர்த்துப் போடும் கணக்கு.

தமிழில் இதை 'ஆழமிறங்காப் புற்று' என்று சொன்னால் பொருள் நேரே நிற்கும். 'மேலோட்டமான புற்று' என்று சிலர் எழுதுவது நல்லதல்ல. இரைப்பையில் நோய் தொடங்கும் பக்கம் உட்பக்கம். 'மேல்' என்றால் வயிற்றுத் தோலுக்கு அண்மையில் என்று படும்.

ஆழத்துக்கு ஏன் இவ்வளவு மதிப்பு? சீதமுளியில் நிணநீர்க் குழாய்கள் குறைவு. கீழ்ச்சீதமுளியில் அவை நிறைந்து கிடக்கின்றன. முதற் படைக்குள் நிற்கும் புற்று கணுவுக்குப் பரவியிருக்கும் வாய்ப்பு நூற்றுக்குச் சில மட்டும். இரண்டாம் படையில் இறங்கிவிட்டால் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று. காட்டில் முதற் படையை டி1ஏ என்றும் இரண்டாம் படையை டி1பி என்றும் எழுதுவது இந்த வேறுபாட்டைத்தான். ஒரேயோர் எழுத்து, ஆனால் உள்ளே கமராக் குழாயோடு முடியுமா, வயிற்றைத் திறக்க வேண்டுமா என்பதை அந்த எழுத்துத்தான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது.

அடுத்தது சத்திரசிகிச்சை. தமிழ்நாட்டார் 'அறுவை' என்பார்கள், நாங்கள் 'சத்திரம்' என்போம். இது சத்திரச்சந்தியின் சத்திரம் அல்ல. அது வழிப்போக்கர் தங்குமிடம். இது ஆயுதம், கத்தி என்ற பொருளில் வடமொழியின் 'சஸ்திர' என்பதிலிருந்து வந்தது. எழுத்தில் ஒன்று, வேரில் வேறு. யாழ்ப்பாணத்தில் இதற்கு முன்பே ஒரு பெயர் இருந்தது. 1847 இல் இங்கு வந்து மானிப்பாயில் வைத்தியமும் கற்பித்தலும் செய்த சாமுவேல் பிஸ்க் கிறீன், மேனாட்டுச் சத்திரசிகிச்சை நூலைத் தமிழாக்கி 1867 இல் 'இரண வைத்தியம்' என்று வெளியிட்டார். இரணம் என்றால் புண், காயம். அந்தக் காலத்துக்கு அந்தப் பெயர் பொருந்தியது. சத்திரசிகிச்சை பெரும்பாலும் காயம், கட்டி, கைகால் என்று உடலின் வெளிப்புறத்தோடு நின்ற காலம் அது. இரைப்பையின் ஒரு பகுதியை வெட்டியெடுத்து மிச்சத்தைக் குடலோடு பொருத்தி நோயாளி பிழைத்த முதல் சத்திரசிகிச்சையை வியன்னாவில் தியோடோர் பில்றொத் செய்தது 1881 ஜனவரி 29 இல். கிறீனின் நூல் வந்து 14 ஆண்டுகளுக்குப் பிறகு. 'காஸ்ட்ரெக்டமி' என்பதற்குத் தமிழ்ச் சொல் தேடும் தேவையே கிறீனுக்கு வந்திருக்காது.

அந்தச் சொல்லின் கட்டு எளிது. கிரேக்கத்தில் 'காஸ்டெர்' வயிறு, 'எக்' வெளியே, 'தொமே' வெட்டு. வெட்டி வெளியே எடுத்தல். (பிரிக்க முடியாதது என்ற பொருளில் அணுவுக்கு வந்த 'அற்றம்' என்ற பெயரும் இதே 'தொமே' வழிதான்.) இதோடு ஒலியில் ஒட்டிக்கொள்ளும் இன்னும் இரண்டு உண்டு. காஸ்ட்ரோட்டமி என்றால் இரைப்பையைக் கீறித் திறத்தல். காஸ்ட்ரோஸ்டமி என்றால் வயிற்றுத் தோலிலிருந்து இரைப்பைக்கு ஒரு வாய் வைத்தல், குழாய் வழியே உணவு கொடுக்க. மூன்றையும் 'இரைப்பை ஒப்பிரேசன்' என்று ஒரே பையில் போட்டால் பழைய காட்டைப் பார்க்கும் அடுத்த வைத்தியரிடம் வீட்டார் தவறான வரலாற்றைச் சொல்ல நேரும். இரைப்பை நீக்கம், இரைப்பைத் திறப்பு, இரைப்பைத் துளைவாய் என்று பிரித்துக்கொள்ளலாம். 'இரைப்பை' என்ற சொல்லைப் பற்றிக் கவலையில்லை. இரை, பை இரண்டும் நல்ல தமிழ், பொருளும் கண்ணாடிபோல.

இனி 'பாதுகாப்பு'. 'பிறிசேர்வ்' என்ற ஆங்கில வினைக்கு அகராதியில் பாதுகாத்தல், காத்தல், பேணல், பதப்படுத்தல் எல்லாம் கிடக்கும். பதப்படுத்தல் ஊறுகாய்க்கு. பாதுகாப்பு என்ற சொல்லுக்கு யாழ்ப்பாணத்தில் முட்கம்பியும் காவலரணும் நினைவில் வரும். அதோடு 'பாதுகாப்பான சத்திரசிகிச்சை', அதாவது ஆபத்தில்லாதது, என்றும் வாசிக்க இடங்கொடுக்கும். அதுதான் பெரிய தீமை, ஏனென்றால் இரைப்பையை விட்டுவைக்கும் முறைகள் எல்லாம் ஆபத்துக் குறைந்தவை அல்ல. 'பேணல்' இங்கே பொருந்துகிறது. உள்ளதை உள்ள தொழிலோடு வைத்திருத்தல் என்பது அதன் பொருள். ஆகவே 'இரைப்பை பேணும் சத்திரசிகிச்சை'. ஆனால் இதோடு நிறுத்தினால் போதாது. எதைப் பேணுகிறோம் என்ற கேள்விக்கு ஒன்றுக்கு மேற்பட்ட விடைகள் உண்டு.

முழு இரைப்பையையும் பேணுவது ஒரு வகை. காட்டில் இஎஸ்டி என்று மூன்றெழுத்தில் இருக்கும். 'கமரா விட்டுப் பார்க்கிற' அதே குழாயால், வயிற்றில் ஒரு கீறலும் இல்லாமல், நோயுள்ள சீதமுளியை மட்டும் அடியிலுள்ள படையிலிருந்து உரித்தெடுப்பார்கள். 'வெட்டல்' என்பதை விட 'உரிப்பு' என்பதே செயலுக்கு நெருக்கம். 'உள்நோக்கி வழிச் சீதமுளி உரிப்பு' என்று சொல்லலாம். முதலில் இண்டிகோ காமைன் என்ற நீலச் சாயத்தைத் தெளித்து நோயின் எல்லையைக் காண்பார்கள். எல்லைக்குச் சுமார் 5 மில்லிமீற்றர் வெளியே சுற்றிவரச் சுட்டுப் புள்ளி வைப்பார்கள். பிறகு கீழ்ச்சீதமுளிக்குள் ஊசியால் உப்புநீரோ கயலுரோனிக் அமிலக் கரைசலோ ஏற்ற, நோயுள்ள இடம் கொப்புளம்போல் எழும்பும். இந்தக் கொப்புளம்தான் முழு வேலையின் உயிர். அது எழும்பாவிட்டால், புண் ஆறிய தழும்போ ஆழம் இறங்கிய புற்றோ படைகளை ஒட்டிவைத்திருக்கிறது என்று பொருள். வலிந்து வெட்டினால் சுவர் துளைபடும். எழும்பினால், புள்ளிகளுக்கு வெளியே சுற்றி அறுத்து, கொப்புளத்தின் நடுப்படையில் மின்கத்தியை ஓட்டி, குறுக்கே வரும் இரத்தக் குழாய்களைச் சுட்டு அடைத்து, ஒரே துண்டாக எடுப்பார்கள்.

ஒரே துண்டு என்பது அழகுக்காக அல்ல. எடுத்த துண்டைப் பலகையில் விரித்து ஊசி குத்தி, போமலினில் வைத்து, 2 மில்லிமீற்றர் இடைவெளியில் சீவி, விளிம்பிலும் அடியிலும் புற்று உண்டா என்று நோயியலாளர் பார்க்க வேண்டும். துண்டு துண்டாக வந்தால் எது விளிம்பு என்று சொல்ல முடியாது. இந்த அறிக்கை வரும்வரை சிகிச்சை முடிந்ததாகக் கொள்ளக்கூடாது. புற்று கீழ்ச்சீதமுளிக்குள் அரை மில்லிமீற்றருக்கு மேல் இறங்கியிருந்தால், அல்லது நிணநீர், இரத்தக் குழாய்களுக்குள் நுழைந்திருந்தால், கணுக்களையும் எடுக்கும் சத்திரசிகிச்சை மேலும் தேவைப்படும். அதை 'முதல் ஒப்பிரேசன் பிழைச்சுப்போச்சு' என்று வீட்டில் பேசுவது நியாயமில்லை. உரிப்பு என்பது சிகிச்சையும் பரிசோதனையும் ஒன்றாக அமைந்த வேலை.

யாருக்கு இது பொருந்தும்? சுருக்கமாக: சீதமுளிக்குள் நிற்கும் புற்று. வேறுபட்ட வகையாகவும் புண் இல்லாமலும் இருந்தால் அகலம் தடையல்ல. புண் இருந்தால் 3 சென்றிமீற்றர் வரை. வேறுபடாத வகை என்றால் புண் இல்லாமல் 2 சென்றிமீற்றர் வரை. 'வேறுபட்ட' என்ற சொல்லும் தலைகீழாகப் புரிந்துகொள்ளப்படும் ஒன்று. அது 'வித்தியாசமான' என்று அல்ல, இரைப்பையின் இயல்பான சுரப்பி அமைப்பை இன்னும் ஓரளவு ஒத்திருக்கிறது என்று. வேறுபட்டது நல்லது.

வீட்டுக்கு வந்தபின் கவனிக்க வேண்டியது குருதிப்பெருக்கு. இரண்டு கிழமை வரை வரலாம். தார்போல் கறுத்து மணக்கும் மலம், தலைச்சுற்று, வியர்வை என்றால் காத்திராமல் வைத்தியசாலைக்குப் போக வேண்டும். இரும்புச்சத்துக் குளிசை எடுப்பவருக்கும் மலம் கறுக்கும், ஆனால் அதனால் தலைச்சுற்று வராது. அஸ்பிரின், குளொப்பிடோகிறெல், வார்பரின் போன்ற, இரத்தம் உறைவதைத் தடுக்கும் குளிசைகளைக் குடிப்பவர் அதைச் சிகிச்சைக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும். தானாக நிறுத்தவும் கூடாது, தானாகத் தொடரவும் கூடாது.

அடுத்த வகையில் பேணப்படுவது முழு இரைப்பை அல்ல, அதன் கீழ்வாயில். பிபிஜி என்று எழுதுவார்கள். இரைப்பை முன்சிறுகுடலில் முடியும் இடத்துத் தசைவளையத்தின் ஆங்கிலப் பெயரான 'பைலோறஸ்' கிரேக்க 'பிலோரொஸ்' என்பதிலிருந்து வந்தது. பொருள் வாயில்காப்போன். பழையவர்கள் நன்றாகவே பெயர் வைத்திருக்கிறார்கள்: அரைபட்ட உணவைச் சிறிது சிறிதாக விட்டு, மிச்சத்தை நிறுத்திவைப்பதுதான் அதன் வேலை. 'கடைவாய்' என்று தமிழாக்கினால் பல்வைத்தியரிடம் போய்விடும், 'கீழ்வாயில்' போதும். வழக்கமான கீழ்ப்பகுதி நீக்கத்தில் இந்த வாயிலும் போய்விடும். அப்போது உணவு குடலுக்குள் ஒரேயடியாகக் கொட்டும். சாப்பிட்டு அரை மணிக்குள் நெஞ்சு படபடப்பு, வியர்வை, வயிற்றுக் குழப்பம். சிலருக்கு 1 முதல் 3 மணி நேரம் கழித்துச் சீனி மட்டம் இறங்கிக் கைநடுக்கம். சீனி அள்ளிப்போட்ட பால்தேத்தண்ணியும் பனங்கட்டியும் இதை நன்றாகத் தூண்டும்.

இரைப்பைப் புண்ணுக்காக ஜப்பானில் மக்கி என்பவர் 1967 இல் வெளியிட்ட முறையே பிபிஜி. பின்னர் புற்றுக்கும் எடுத்தார்கள். நடுப்பகுதியை வெட்டியெடுத்து, கீழ்வாயிலோடு ஏறத்தாழ 3 சென்றிமீற்றர் நீளத் துண்டை விட்டு, மேற்பகுதியை அதனோடு தைப்பார்கள். புற்றின் கீழ் எல்லை வாயிலிலிருந்து 4 சென்றிமீற்றராவது தள்ளி இருக்க வேண்டும். வாயில் மட்டும் மிஞ்சினால் போதாது. அதை இயக்கும் வேகஸ் நரம்பின் கிளையும், அதற்கு ஊட்டம் தரும் சிறு நாடி நாளங்களும் மிஞ்ச வேண்டும். அவை அறுபட்டால் காவலன் கதவைத் திறக்கவே மாட்டான். உணவு தேங்கி வயிறு ஊதும், நேற்றுச் சாப்பிட்டது இன்று வாந்தியாக வரும். இந்த நரம்பைப் பேணுவதற்கு விலையும் உண்டு: அதையொட்டிய கணுக்களை முற்றாக எடுக்க முடியாது. அதனால்தான் ஆழம் இறங்கி, கணு பாதித்த நோய்க்கு இதைச் செய்வதில்லை. இந்தச் சத்திரசிகிச்சைக்குப் பின் முதல் மாதங்களில் ஒடியல் புட்டு, பனங்கிழங்கு, முருங்கைக்காய்ச் சக்கை போன்ற தும்பு உணவைத் தள்ளிவைப்பது நல்லது. அரைக்கும் பலம் குறைந்த இரைப்பையில் தும்பு உருண்டையாகத் திரண்டு அடைக்கும். நாளுக்கு ஐந்தாறு தடவை, கொஞ்சம் கொஞ்சமாக, நன்றாகச் சப்பி.

கீழ்ப்பாதியைப் பேணி மேற்பாதியை நீக்குவது மற்றொன்று. களத்தை, அதாவது உணவுக்குழாயை, மிஞ்சிய இரைப்பையோடு நேரே பொருத்தினால் அமிலம் மேலெழுந்து நெஞ்செரிப்புப் பாடாய்ப்படுத்தும். அதைத் தடுக்கவே குடலை இடையில் கொண்டுவந்து, உணவு மிஞ்சிய இரைப்பை வழியும் நேரே குடல் வழியும் போகும் இரட்டைப் பாதை அமைக்கிறார்கள்.

புற்றிலிருந்து நிணநீர் முதலில் சென்றடையும் காவற்கணுவை மட்டும் சாயமேற்றிச் சோதித்து, அது சுத்தம் என்றால் புற்றிருந்த சிறு பகுதியை மட்டும் நீக்கும் முறையும் உண்டு. தென்கொரியாவில் இதை வழக்கமான சத்திரசிகிச்சையோடு ஒப்பிட்ட ஆய்வு 2022 இல் வெளிவந்தது. வாழ்க்கைத் தரமும் ஊட்டமும் மேம்பட்டன, ஆனால் நோய் மீளாமல் இருப்பதில் பழைய முறைக்கு ஈடு என்று நிறுவ முடியவில்லை. இரைப்பை எவ்வளவு மிஞ்சுகிறதோ அவ்வளவு நல்லது என்று கணக்குப் போடக்கூடாது என்பதற்கு இதுவே போதிய சான்று.

ஜப்பானும் கொரியாவும் திரும்பத் திரும்ப வருவது தற்செயல் அல்ல. கொரியாவில் 40 வயதிலிருந்து இரண்டு ஆண்டுக்கொரு தடவை அரச திட்டத்தில் இரைப்பைப் பரிசோதனை. ஆழமிறங்காப் புற்று அங்கே அகப்படுவது அதனால்தான். இலங்கையில் அப்படியொரு தேசியத் திட்டம் இல்லை. 'காஸ்ரைற்றிஸ்' என்று மாதக்கணக்கில் குளிசை வாங்கிக் குடித்து, மெலிந்து, விழுங்கச் சிரமப்பட்டு, கறுத்த மலம் போன பிறகு கமரா விடும்போது, பேணும் முறைகளுக்குரிய காலம் பெரும்பாலும் கடந்திருக்கும்.

பேணிய இரைப்பையோடு பேணப்படுவது இன்னொன்றும் இருக்கிறது: அந்த இரைப்பையில் புதிதாகப் புற்று வரும் வாய்ப்பு. முழு இரைப்பையையும் எடுத்தவருக்கு பி12 ஊசி ஆயுள் முழுதும் தேவை, ஏனென்றால் அந்த விற்றமினை உறிஞ்ச உதவும் பொருளைச் சுரப்பது இரைப்பைச் சுவர்தான். உரிப்பு மட்டும் செய்தவருக்கு அந்த ஊசி வேண்டாம், ஆனால் 6 முதல் 12 மாதத்துக்கொரு தடவை கமரா வேண்டும். இரைப்பையில் குடியிருக்கும் எலிக்கோபக்ரர் பைலோரி கிருமி இருந்தால் ஒழிக்க வேண்டும். மருந்து முடிந்து குறைந்தது 4 கிழமை கழித்து, அமிலங்குறைக்கும் குளிசையை 2 கிழமை நிறுத்திவிட்டு, மூச்சிலோ மலத்திலோ சோதித்துக் கிருமி போனதை உறுதிசெய்ய வேண்டும். குளிசையை நிறுத்தாமல் சோதித்தால் கிருமி இருந்தும் இல்லை என்று வரும்.