353 பேர் எதற்கு?

பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கும் பெண்களிடம் இருமலைப் பற்றித் தனியாகக் கேட்க வேண்டியதில்லை. பேச்சுக்கு நடுவே அதுவே வந்துவிடும். “அது கெடக்குது, அடுப்புப் பொகை” என்று சொல்லிவிட்டு அடுத்த கொட்டையை எடுப்பார்கள்.

விறகடுப்பை மாற்றினால் அந்த இருமல் நிற்குமா? கடலூரில் ஒரு மருத்துவர் இதை ஆராய விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். அதற்குப் பணம் வேண்டும். அரசிடம் கேட்கலாம், அறக்கட்டளையிடமும் கேட்கலாம். ஹென்றி வெல்கம் 1936-இல் காலமானபோது அவர் உயிலின்படி உருவானது வெல்கம் அறக்கட்டளை. அதுவும் இந்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையும் சேர்ந்து 2008-இல் தொடங்கிய ‘இந்தியா அலையன்ஸ்’ இன்று நம் ஊர் ஆய்வாளர்களுக்கு நிதி தருகிறது. முதலில் சுருக்கமான விண்ணப்பம், தேறினால் முழு விண்ணப்பம், அதிலும் தேறினால் நேர்காணல்.

புதுச்சேரியில் ஒரு மருத்துவ ஆய்வு நெறிமுறைக் குழுவில் நான் சாமானியர் உறுப்பினர். மருத்துவம் படிக்காத ஒருவர் அதில் இருந்தே ஆக வேண்டும். ஆரம்பத்தில் ஆய்வுத் திட்டங்களைப் படிக்கும்போது நோயின் பெயர்களைப் பார்த்துத்தான் மிரண்டேன். போகப் போக, முதலில் தேடிப் பார்க்க வேண்டியது ஓர் எண்ணைத்தான் என்று புரிந்தது. எத்தனை பேரைச் சேர்க்கப் போகிறார்கள்? ஏன் அத்தனை பேர்?

நம் மருத்துவரின் கேள்வியையே எடுத்துக்கொள்வோம். விறகில் சமைக்கும் 100 பெண்களில் 40 பேருக்கு நாள்பட்ட இருமல் இருக்கிறது, கேஸ் அடுப்புக்கு மாறினால் ஒரு வருடத்தில் அது 30 ஆகக் குறையும் என்று அவர் எதிர்பார்க்கிறார். இவை கணக்குக்காக நான் வைத்துக்கொண்ட எண்கள்தான். விறகிலேயே சமைப்பவர்கள் ஒரு குழு, கேஸுக்கு மாறியவர்கள் இன்னொரு குழு. சரி, குழுவுக்கு 20 பேர் என்று எடுத்துப் பார்த்தால்? ஒரு பக்கம் 8 பேர் இருமுவார்கள், இன்னொரு பக்கம் 6 பேர். இந்த இரண்டு பேர் வித்தியாசம் அடுப்பால் வந்ததா, தற்செயலா? சொல்லவே முடியாது. நாணயத்தைப் பத்து முறை சுண்டி ஆறு முறை தலை விழுந்தால் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். ஆயிரம் முறை சுண்டி அறுநூறு தலை விழுந்தால் அந்த நாணயத்தை வாங்கித் திருப்பிப் பார்ப்பார்கள்.

இல்லாத வித்தியாசத்தை இருப்பதாகச் சொல்லிவிடும் ஆபத்து 5 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, உண்மையில் வித்தியாசம் இருந்தால் அதைப் பிடித்துவிடும் வாய்ப்பு 80 சதவீதமாவது இருக்க வேண்டும். வழக்கமான இந்த இரண்டு நிபந்தனைகளையும் வைத்துக் கணக்குப் போட்டால் ஒரு குழுவுக்கு சுமார் 353 பேர் தேவை. அப்புறம் வீடு மாறுகிறவர்கள், வெளியூர் வேலைக்குப் போகிறவர்கள் என்று ஐந்தில் ஒருவர் நடுவில் விட்டுப்போகலாம். அதையும் சேர்த்தால் 442. இரண்டு குழுவுக்கும் 884. இருமல் 40-இலிருந்து 35-க்குத்தான் குறையும் என்று எதிர்பார்த்தால், ஒரு குழுவுக்கே 1,400-க்கு மேல் போய்விடும். வித்தியாசம் பாதியானால் ஆள்கணக்கு நான்கு மடங்காகும்.

அறக்கட்டளையின் மதிப்பீட்டாளர்கள் இந்த இடத்தில்தான் நின்று படிப்பார்கள். நிற்கவும் வேண்டும். ஆள் குறைவான ஆய்வில் ‘பலன் தெரியவில்லை’ என்று வந்தால் அதற்கு அர்த்தமே இல்லை. போதுமான பேர் இருந்தால் ‘இல்லை’ என்ற பதிலும் அறிவுதான். நம் பக்கத்து விழுப்புரத்திலேயே இது நடந்தது. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனமும் கேட்ஸ் அறக்கட்டளையும் நிதி தந்த ‘ஹாப்பின்’ ஆய்வில் நான்கு நாடுகளைச் சேர்ந்த 3,200 கர்ப்பிணிகள் சேர்ந்தார்கள். தமிழ்நாட்டில் விழுப்புரம், நாகப்பட்டினம் மாவட்டங்கள். பாதிப் பேருக்கு கேஸ் அடுப்பும் சிலிண்டரும் இலவசம். அவர்கள் சுவாசித்த நுண்துகள் வெகுவாகக் குறைந்தது. ஆனால் குழந்தைகளின் பிறப்பு எடையில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை என்று 2022-இல் முடிவு வந்தது. ஏமாற்றம்தான். ஆனாலும் அத்தனை பேர் இருந்ததால் அந்த ‘இல்லை’யை நம்பி அடுத்த கேள்விக்குப் போக முடிகிறது.

விண்ணப்பத்தில் நுரையீரலையும் இதயத்தையும் ஒன்றாகச் சேர்ப்பதற்கும் காரணம் உண்டு. புகையில் உள்ள 2.5 மைக்ரானுக்கும் சிறிய துகள்கள் நுரையீரலின் கடைசி முனையிலுள்ள காற்று நுண்ணறை வரை போய் அழற்சியை உண்டாக்குகின்றன. நுரையீரல் பழுதாகி ஆக்சிஜன் குறையும்போது அங்குள்ள ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. அவற்றுக்குள் ரத்தத்தைத் தள்ள இதயத்தின் வலது கீழறை கூடுதலாக உழைத்து, தடித்து, ஒரு நாள் தளர்கிறது. அப்போது கால் வீங்கும். கால் வீக்கம் என்று ஆஸ்பத்திரிக்கு வருபவரின் கதை சில நேரம் அடுப்படியில் தொடங்கியிருக்கும்.

நுரையீரலின் பழுதை அளக்கும் கருவியும் எளிமையானதுதான். ஸ்பைரோமீட்டர் குழாயை வாயில் வைத்து, மூச்சை முழுதாக இழுத்து, முழு வேகத்தில் ஊத வேண்டும். முதல் நொடியில் வெளியேறும் காற்று மொத்தக் காற்றில் 70 சதவீதத்துக்கும் குறைவு என்றால் மூச்சுக் குழாய்களில் அடைப்பு இருக்கலாம். ஆனால் ஒரு தடவை ஊதினால் போதாது, மூன்று நல்ல ஊதல்களாவது வேண்டும். “இன்னும், இன்னும், விடாதீங்க” என்று பக்கத்தில் ஒருவர் உற்சாகப்படுத்திக்கொண்டே இருக்க வேண்டும். தினமும் காலையில் 3 லிட்டர் சிரிஞ்சால் கருவியைச் சரிபார்க்க வேண்டும். இதையெல்லாம் செய்யும் களப்பணியாளரின் சம்பளமும் பஸ் செலவும் வரவுசெலவுத் திட்டத்தில் இல்லையென்றால், எவ்வளவு நல்ல கேள்வியும் பாதியில் நின்றுவிடும். கருவிக்கு லட்சங்கள் எழுதிவிட்டு ஆளுக்குச் சிக்கனம் பிடிக்கும் திட்டங்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

வெளிநாட்டுப் பணம் என்றால் 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தையும் பார்க்க வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணத்தில் 20 சதவீதத்துக்கு மேல் நிர்வாகச் செலவு செய்யக் கூடாது.

எனக்கு உயிரான பகுதி ஒப்புதல் படிவம்தான். ‘நீங்கள் சீரற்ற முறையில் இரு குழுக்களில் ஒன்றுக்கு ஒதுக்கப்படுவீர்கள்’ என்று எழுதி வரும். அதை முந்திரி உடைக்கும் ஓர் அம்மாவிடம் வாசித்துக் காட்டினால் என்ன புரியும்? ‘சீட்டுக் குலுக்கிப் போடுவது போல, நீங்கள் எந்தக் குழுவில் என்பது முடிவாகும். டாக்டரும் தேர்ந்தெடுக்க முடியாது, நீங்களும் தேர்ந்தெடுக்க முடியாது’ என்று மாற்றச் சொல்வேன். இப்படி வாசித்தால் அடுத்த கேள்வி உடனே வரும்: “அப்ப எனக்கு அடுப்பு வரலைன்னா?”

ஒரு வருடம் விறகடுப்பிலேயே சமைத்து, இருமலோடு மூன்று முறை ஊதிக் கொடுத்தவருக்கு ஆய்வு முடிந்ததும் அடுப்பு போய்ச் சேர வேண்டும். அதற்கு அந்த வாக்குறுதி படிவத்தில் இருந்தால் மட்டும் போதாது. அறக்கட்டளைக்கு அனுப்பும் செலவுக் கணக்கிலும், விறகடுப்புக் குழுவுக்கு 442 கேஸ் அடுப்பு என்று ஒரு வரி இருக்க வேண்டும்.